மூன்று நொடி பின்னால்

அங்கே இரவு.
இங்கே காலை பதினொன்று. ஜன்னலுக்கு வெளியே
நிலக்கரிப் புகையில் கழுத்துவரை நிற்கிறது உலான்பாத்தர்.
மைனஸ் இருபத்திரண்டு என்கிறது திரையின் மூலை.
அது ஒன்றுதான் எங்கள் ஊர் எண்.
மற்றதெல்லாம் கடலுக்கு அந்தப்பக்கத்துக் கணக்கு.
எங்களுக்குக் கடலே கிடையாது.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒயூந்தாரி.
ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் பஞ்சு,
பிளாஸ்கில் உப்புப் போட்ட பால்தேநீர்.
இரண்டு மொழிபெயர்ப்பாளர் வைக்க சேனலுக்குக் காசில்லை.
ஆகவே சாம்பல் கோட்டுக்காரரும் அவள்தான்,
அவரை முந்திக்கொண்டிருக்கும் பச்சைச் சால்வைப் பெண்மணியும் அவள்தான்,
இடையில் புகுந்து கத்தும் நிருபன்,
அவன் முதுகுக்குப் பின்னால் கொடியாட்டும் கூட்டம்,
ஒருமுறை வாய்தவறி
கார் காப்பீட்டு விளம்பரமும்.
ஒரே தொண்டையில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி.
நான் ஒலியைக் கூட்டிக் குறைப்பவன்.
எவர் வென்றாலும் என் ஊசி
சிவப்பைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

வரைபடம் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது.
ஒரு மாவட்டத்தின் பெயரை அவள்
மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்தாள்.
மூன்றிலும் சாம்பல் கோட்டுக்குத்தான் பின்னடைவு.

தொலைபேசியில் துந்த்கோவியிலிருந்து ஒருவர்,
செங்கெல் என்று பெயர், நானூறு ஆடு.
ஆட்டு ரோமத்துக்கு வரி ஏறுமா இறங்குமா,
அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்றார்.
யாரைக் கேட்பது?

பிறகு சாம்பல் கோட்டுக்காரர் மேடை ஏறினார்.
கூட்டம் அடங்கியது. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.
ஒயூந்தாரி எப்போதும் மூன்று நொடி பின்னால் வருவாள்.
அந்த மூன்று நொடி
அங்கே முடிந்துபோனது எதுவும் இங்கே முடிந்திருக்காது.

அவர் சொன்னது இவ்வளவுதான்:
மக்கள் பேசிவிட்டார்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
மூன்று நொடி.
நான்கு.
ஐந்தாவதில் என் விரல் தானாகக் குமிழை நெருடியது.

பின்னர் அவள் சொன்னாள், தேடினேன் என்று.
ஒப்புக்கொள்கிறேன் என்பது காவல் நிலையத்துச் சொல்லாம்.
விட்டுக்கொடுக்கிறேன் என்றால்
பேருந்தில் எழுந்து இடம் தருவது போலவாம்.
ஆறாவது நொடியில் அவள் குரலில் அவர் சொன்னார்:
"தஹிம் கொடுக்கிறேன்."

நாதம் திருவிழாவின் மல்யுத்தத்தில்
முழங்கை புல்லில் பட்டவன் எழுந்து,
வென்றவன் தூக்கிப் பிடித்த கைக்கு அடியில்
குனிந்து நுழைந்து வெளியே போவானே, அது.
மலைபோன்ற ஆட்களும் அந்தக் கைக்கடியில்
பள்ளிக்கூடப் பையன்களாகிவிடுவார்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடியில் குத்தினார்.
அவர் அப்படிச் சொல்லவே இல்லையே!
இல்லைதான். முகம் சொன்னது என்றாள்.
முகத்துக்கு உனக்குச் சம்பளம் கிடையாது என்றார்.

செங்கெல் இன்னும் இணைப்பில் இருந்தார்.
வரியை மறந்துவிட்டார்.
"அப்படியென்றால் அந்த அம்மாள்
கை விரித்துக் கழுகாட்டம் ஆடினாளா?"
திரையைப் பார்த்தேன்.
பச்சைச் சால்வை, யாரோ கொடுத்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத்
திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தது.
இன்னும் இல்லை என்றேன்.

மதியம் அவள் குரல் சுத்தமாக இறங்கிவிட்டது.
எங்கே போகணும் என்ற டாக்சிக்காரரிடம்
ஃபோனில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்ததை
மாடியிலிருந்து பார்த்தேன்.

மாலை மறுஒளிபரப்புக்கு அந்தச் சொல்லை
வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.
குழியில் கொஞ்சம் கூட்ட இரைச்சலை அள்ளிப் போட்டு
மேலே தடவிச் சமன் செய்தேன். நல்ல வேலை, ஒட்டே தெரியாது.

ஏழு மணிக்கு அவர் மறுபடி மேடை ஏறுகிறார்,
மைக்கை இறக்குகிறார், வாய் அசைகிறது,
கூட்டம் இரைகிறது.

தொலைபேசி அடிக்கிறது. துந்த்கோவி எண்.
எடுக்கவில்லை.
காலையில் குனிந்து போனவர்
இப்போது ஏன் நிமிர்ந்தே நிற்கிறார் என்று கேட்பார்.